பழைய டீசல் வண்டியில் ஃபேன் கிளட்ச் மாற்றுவது எப்படி

கத்திரி வெயிலில் சென்னை மத்திய கைலாஷ் நெரிசலில் நிற்கும்போது ஹீட் முள் மெல்ல மேலே ஏறுகிறது. ஏசி காற்றும் வெதுவெதுப்பாகிறது. ஓ.எம்.ஆரில் வழி கிடைத்து 60 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் முள் தானாக இறங்கிவிடுகிறது. குவாலிஸ், டவேரா, பழைய இன்னோவா மாதிரியான வண்டிகளில் இப்படி நடந்தால் முதல் சந்தேகம் ஃபேன் கிளட்ச் மேல் விழ வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும் வண்டிக்கு ஃபேன் இழுக்கும் காற்றுதான் கதி. இதற்கு நேர்மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து பைபாஸில் ஓடும்போது ஹீட் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், கூலண்ட் குறைவு என்று வேறு பக்கம் தேடுங்கள்.

முதலில் உங்கள் வண்டியில் இந்தப் பாகம் இருக்கிறதா என்று பாருங்கள். பானட்டைத் திறந்தால் இன்ஜின் நீளவாக்கில் இருக்க வேண்டும். ஃபேன் இன்ஜினின் முன்பக்கத்தில், பெல்ட்டு ஓட்டும் புல்லியோடு சேர்ந்து நிற்க வேண்டும். இண்டிகா, ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இழுவை டீசல் கார்களில் ரேடியேட்டரோடு ஒட்டிய கரண்ட் ஃபேன்தான் இருக்கும். அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

உள்ளே என்ன நடக்கிறது

ஃபேனுக்கும் வாட்டர் பாடி (கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்) புல்லிக்கும் நடுவில், சுற்றிலும் அலுமினியத் துடுப்புகளோடு கனமான வட்டப் பாகம் ஒன்று இருக்கும். அதுதான் கிளட்ச். பெயரில் கிளட்ச் என்று இருந்தாலும் கியர் கிளட்ச் மாதிரி பிளேட் உரசும் வேலை இதில் கிடையாது. உள்ளே கெட்டியான சிலிக்கான் ஆயில் இருக்கிறது. முன்முகத்தில், ரேடியேட்டரைப் பார்த்தபடி, சுருள் வடிவத்திலோ பட்டை வடிவத்திலோ ஒரு ஈருலோகத் தகடு இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடாக இருந்தால் அது வளைந்து உள்ளே ஒரு சிறு வால்வைத் திறக்கும். ஆயில் நெருக்கமான வரிப்பள்ளங்களுக்குள் பாய்ந்து, புல்லியின் சுற்றை ஃபேனுக்குக் கடத்தும். காற்று குளிர்ந்தால் வால்வு மூடி, ஆயில் அதன் சேமிப்பறைக்குத் திரும்பிவிடும். ஃபேனும் சோம்பலாகச் சுற்றும்.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே விளங்கும். ஆயில் கசிந்தால் பிடிப்பு போகும். ஈருலோகத் தகட்டில் சேறும் கிரீஸும் அப்பியிருந்தால் சூடே அதற்குத் தெரியாது. உள்ளே பேரிங் தேய்ந்து இறுகிவிட்டால் ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் லாரி மாதிரி ஒரு உறுமல் கேட்டு, ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் அடங்கினால் பயப்பட வேண்டாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் வரிப்பள்ளங்களுக்குள் இறங்கித் தேங்கியிருக்கும், அவ்வளவுதான். சொல்லப்போனால் அது நல்ல அறிகுறி. முன்பு கேட்ட அந்த உறுமல் இப்போது காலையில் கேட்கவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கழற்றும் முன் உறுதி செய்யுங்கள்

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்து வைத்துவிட்டு, ஃபேனைக் கையால் ஒரு தட்டுத் தட்டிச் சுற்றுங்கள். லேசான இழுவையோடு நகர்ந்து, அதிகம் போனால் ஒன்றிரண்டு சுற்றில் நிற்க வேண்டும். மேசை ஃபேன் மாதிரி வழுக்கிக்கொண்டு மூன்று, நான்கு சுற்று ஓடினால் உள்ளே ஆயில் போய்விட்டது. கையால் நகர்த்தவே முடியாமல் புல்லியோடு சேர்ந்துதான் திரும்புகிறது என்றால் கிளட்ச் இறுகிவிட்டது.

அடுத்து, ஒரு இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நுனியில் சுமார் 6 எம்.எம்.க்கு மேல் ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. எந்தப் பேரிங் என்பதில்தான் பலர் தவறிப் போகிறார்கள். இறக்கையை விட்டுவிட்டு புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புல்லியும் ஆடினால் வாட்டர் பாடியின் பேரிங் போய்விட்டது. கிளட்ச் மட்டும் மாற்றினால் அந்த ஆட்டம் புதுக் கிளட்ச்சையும் கெடுத்துவிடும்.

கிளட்ச்சின் நடுவில், தண்டு நுழையும் இடத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கதிர் கதிராகக் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் ஆயில் கசிவுக்கு அதுவே சாட்சி. லேசான ஈரப்பசை பழைய கிளட்ச்சில் சாதாரணம்தான். திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

இன்ஜின் ஓடும்போது சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வண்டி நன்றாகச் சூடான பிறகு ஏசியை அணைத்துவிட்டு, ஒரு செய்தித்தாள் பக்கத்தை முன்பக்க கிரில்லுக்கு நேராகப் பிடியுங்கள். ஃபேன் வேலை செய்தால் காகிதம் கிரில்லோடு ஒட்டிக்கொள்ளும். ஏசியை ஏன் அணைக்க வேண்டும் என்றால், கண்டென்சருக்கென்று (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி பாகம்) தனி கரண்ட் ஃபேன் இருக்கும் வண்டியில் அது இழுக்கும் காற்று உங்களை ஏமாற்றிவிடும். சுருட்டிய செய்தித்தாளை ஓடும் ஃபேனுக்குள் நுழைத்து அது நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். இறக்கை உடைந்து தெறித்தால் முகத்தில்தான் வந்து விழும். ஓடும் இன்ஜின் பக்கம் வேட்டி, லுங்கி, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு எதுவும் நெருங்கக் கூடாது.

கிளட்ச் மேல் பழி போடும் முன் இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கு. கட்டுமானத் தூசி பறக்கும் சாலைகளில் ஓடும் வண்டிகளில் அங்கே கம்பளி மாதிரி ஒரு படலம் பிடித்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். இரண்டாவது, ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவுல். எப்போதோ ரேடியேட்டர் வேலை பார்த்தபோது கழற்றிய கவுலைத் திரும்ப மாட்டாமல் விட்ட வண்டிகள் இந்த ஊரில் நிறைய ஓடுகின்றன. கவுல் இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது. பக்கவாட்டில் கிடைக்கும் இன்ஜின் சூட்டையே சுற்றிச் சுற்றிக் கடையும். அப்படிப்பட்ட வண்டிக்கு எத்தனை புதுக் கிளட்ச் போட்டாலும் ஹீட் குறையாது.

வெல்டு வைத்து லாக் செய்யலாமா?

கூடாது. "ஒரு வெல்டு வெச்சு விட்டா ஆயுசுக்கும் பிரச்சனை இல்ல சார்" என்று சொல்வார்கள். பூட்டிய ஃபேன் சிட்டியில் நன்றாகக் குளிர வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் 3,500 ஆர்.பி.எம்.மில் அதே ஃபேன் பல குதிரைத்திறனை விழுங்கும். மைலேஜ் குறையும், பெல்ட்டு வழுக்கும், வாட்டர் பாடி பேரிங் சீக்கிரம் போகும். அந்த வேகத்தில் எந்நேரமும் சுற்றுவதற்கென்று அந்தப் பிளாஸ்டிக் இறக்கைகளைச் செய்யவும் இல்லை.

சென்னைக்கென்றே இன்னொரு காரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தேங்கிய தண்ணீருக்குள் வண்டி இறங்கினால், வேகமாகச் சுற்றும் ஃபேன் தண்ணீரை அறைந்து இறக்கைகள் முன்பக்கமாக வளையும், ரேடியேட்டரைக் கிழிக்கும். குளிர்ந்த நிலையில் வழுக்கிக் கொடுக்கும் நல்ல கிளட்ச் இந்த அடியைப் பெரிதும் குறைக்கும். வெல்டு வைத்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

பாகம் வாங்கும்போது

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் இந்த வண்டிகளுக்கெல்லாம் ஃபேன் கிளட்ச் கிடைக்கும். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். முடிந்தால் பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் கொடுத்துக் கேளுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நான்கு விஷயங்களை ஒப்பிட வேண்டும்: புல்லியில் மாட்டும் துளைகளின் இடைவெளி, நடுத்துளையின் விட்டம், ஃபேன் மாட்டும் துளைகள், மொத்த உயரம். உயரத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 10 எம்.எம். கூடுதலாக இருந்தாலே ஃபேன் ரேடியேட்டரைத் தொட்டுவிடலாம்.

பெட்டியைத் திறந்ததும் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச்சை வண்டியில் நிற்கும் அதே நிலையில், சக்கரம் போல நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். தட்டுப் போலப் படுக்க வைத்தால் ஆயில் பேரிங் பக்கம் இறங்கிக் கசியும். கடையில் எப்படி வைத்திருந்தார்கள் என்று பார்ப்பதும், வீட்டுக்குக் கொண்டுவரும்போது நிமிர்த்தி வைப்பதும் இதனால்தான். புதுப்பேட்டையில் பழைய கிளட்ச் மலிவாகக் கிடைக்கும். குவியலில் எத்தனை மாதம் படுத்துக் கிடந்ததோ, உள்ளே எவ்வளவு ஆயில் மிச்சமோ, வெளியிலிருந்து சொல்ல வழியே இல்லை. கவுல், ஃபேன் இறக்கை, பிராக்கெட் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை அருமையான இடம். கிளட்ச்சை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

தேவையானவை

10, 12-ம் நம்பர் ரிங் ஸ்பேனர்களும் அதே அளவில் பாக்ஸ் ஸ்பேனரும் போதும். அவற்றோடு துரு இளக்கும் ஸ்பிரே, கம்பித் தூரிகை, நடுத்தர உப்புத்தாள், ரேடியேட்டர் அளவுக்கு வெட்டிய கெட்டி அட்டை ஒன்று, நட்டுகளைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம். மேல் ஹோஸைக் கழற்ற வேண்டிய வண்டி என்றால் ஒரு பேசினும், 2 லிட்டர் அளவுக்கு அதே வகைக் கூலண்டும் எடுத்து வையுங்கள். முதல் முறை செய்பவர் இரண்டரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

கழற்றுதல்

சமமான தரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். கண்டென்சர் ஃபேன் எதிர்பாராமல் ஓடாமல் இருக்க இது அவசியம்.

அட்டையை ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் இறக்குங்கள். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். ரேடியேட்டரின் அலுமினியத் துடுப்புகள் காகிதம் மாதிரி. இறக்கையின் நுனி ஒருமுறை இடித்தால் ஒரு டியூப் ஓட்டையாகி, இந்தச் சின்ன வேலை ரேடியேட்டர் மாற்றும் வேலையாக மாறிவிடும்.

புல்லியோடு கிளட்ச்சைப் பிணைக்கும் நான்கு நட்டுகளுக்கு ஸ்பிரே அடித்து 15 நிமிடம் விடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டி என்றால் முதல் நாள் இரவே அடித்துவிடுங்கள். உப்புக்காற்றில் இறுகிய ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) உடைந்தால் அது வாட்டர் பாடியின் பாகம். வேலை மூன்று மடங்காகிவிடும்.

பெல்ட்டு இறுக்கமாக இருக்கும்போதே இந்த நான்கு நட்டுகளையும் இளக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் புல்லி கூடவே சுற்றும், பிடிக்க வழியிருக்காது. ஒரு கையால் பெல்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரிங் ஸ்பேனரை வெடுக்கென்று ஒரு தட்டுத் தட்டுங்கள். இறக்கையைப் பிடித்துக்கொண்டு திருக முயலாதீர்கள். இறக்கைக்கும் புல்லிக்கும் நடுவில் இருப்பதே வழுக்கும் ஆயில்தான், புல்லி நிற்காது. பிளாஸ்டிக் விரிசல் விடுவதுதான் மிச்சம். பெல்ட்டும் வழுக்கினால், இரண்டு நட்டுகளுக்கு நடுவில் ஒரு தடித்த ஸ்குரூ டிரைவரை அணை கொடுத்து மூன்றாவதைத் திருகுங்கள். இடம் குறுகலாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் திரும்பும். பொறுமை வேண்டும்.

நான்கு நட்டுக்குப் பதிலாக நடுவில் ஒரே பெரிய நட்டு உள்ள வண்டிகளும் உண்டு. பழைய பி.எம்.டபிள்யூ டீசல்களில் 32 எம்.எம். நட்டு, அதுவும் எதிர்மரை. வலப்பக்கம் திருகினால்தான் இளகும். அப்படி இருந்தால் மரை எந்தப் பக்கம் என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உறுதி செய்துகொண்டு பிறகு பலம் கொடுங்கள்.

இனி கவுலின் போல்ட்டுகள். பெரும்பாலும் 10-ம் நம்பர். மேலே இரண்டு, பக்கவாட்டில் இரண்டு இருக்கும். கீழே கிளிப்போ கொக்கியோ இருக்கலாம். கவுலோடு பிடித்திருக்கும் ஹோஸ்களையும் ஒயர்களையும் விடுவியுங்கள். மேல் ஹோஸ் வழியை மறித்தால், ரேடியேட்டரின் கீழ்த்திருகைத் திறந்து 2 லிட்டர் கூலண்டை பேசினில் பிடித்துவிட்டுக் கழற்றுங்கள். அந்தக் கூலண்டைத் தெருவிலோ செடியிலோ ஊற்றாதீர்கள். இனிப்புச் சுவை உள்ள விஷம் அது. தெருநாயும் பூனையும் நக்கிச் சாகும்.

நட்டுகளை முழுதாகக் கழற்றி, ஃபேனையும் கவுலையும் ஒன்றாகச் சேர்த்து மேலே தூக்குங்கள். தனித்தனியாக எடுக்க முயன்றால் பல வண்டிகளில் சிக்கிக்கொள்ளும். கிளட்ச் வர மறுத்தால் நடுத்துளை துருவில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். மரச்சுத்தியலால் கிளட்ச்சின் ஓரத்தை நான்கு பக்கமும் மாறி மாறி லேசாகத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் பலமாக அடித்தால் அந்த அடி முழுதும் வாட்டர் பாடியின் சீலுக்குத்தான் போய்ச் சேரும்.

திறந்திருக்கும்போதே பார்க்க வேண்டியவை

பெல்ட்டையும் இளக்கி எடுத்துவிட்டு வாட்டர் பாடி புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று இருந்தாலோ, பாடியின் அடியில் உள்ள சிறு கசிவுத் துளையைச் சுற்றி கூலண்டின் காய்ந்த கறை தெரிந்தாலோ, அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இதே நட்டுகளை இன்னொரு முறை கழற்ற யாருக்கும் ஆசை இருக்காது. பெல்ட்டின் உட்பக்கத்தில் வெடிப்பு தெரிந்தால் புதுசு போடுங்கள்.

ரேடியேட்டரை இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. வீட்டு ஹோஸ் பைப்பின் வேகமே போதும். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும்.

மாட்டுதல்

பழைய கிளட்ச்சிலிருந்து ஃபேனைக் கழற்றும் முன், ரேடியேட்டர் பக்கம் பார்க்கும் முகத்தில் ஒரு மார்க்கர் குறி போடுங்கள். திருப்பி மாட்டிவிட்டால் காற்றின் திசை மாறாது, அதனால் தவறு உடனே தெரியாது. இறக்கையின் வளைவு தப்பாக விழுந்து, காற்றின் அளவு மட்டும் வெகுவாகக் குறையும். கிளட்ச்தான் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் ஃபேனை மாற்ற வேண்டியதுதான்.

புல்லியின் முகத்தையும் நடுமுனையையும் உப்புத்தாளால் துரு போகத் தேயுங்கள். துருத் துகள் ஒன்று நடுவில் மாட்டினாலும் ஃபேன் சாய்ந்து சுற்றி அதிரும். ஃபேனைப் புதுக் கிளட்ச்சோடு பொருத்தி, நான்கு போல்ட்டுகளையும் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். 10-ம் நம்பர் தலை உள்ள 6 எம்.எம். மரைக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், 12-ம் நம்பர் தலை உள்ள 8 எம்.எம். மரைக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவு போதும். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். புல்லிப் பக்கத்து நட்டுகளுக்கு டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) நுழையாது. ரிங் ஸ்பேனரின் நடுவில் பிடித்து, மணிக்கட்டுப் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனரின் கடைசி நுனியைப் பிடித்துத் தொங்கினால் ஸ்டட் உடையும், இல்லையென்றால் மரை போய்விடும்.

வரிசை இதுதான்: கவுலையும் ஃபேனையும் சேர்த்து இறக்குங்கள். நான்கு நட்டுகளையும் கையால் முழுதாக ஏற்றுங்கள். பெல்ட்டைப் போட்டு டென்ஷன் வையுங்கள். பிறகுதான் நட்டுகளை இறுக்க வேண்டும். அதன்பின் கவுலின் போல்ட்டுகள். அட்டையை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். இறக்கை நுனிக்கும் கவுலுக்கும் இடையில் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே இடைவெளி இருக்க வேண்டும். ஓரிடத்தில் நெருங்கினால் கவுலை நகர்த்திச் சரி செய்யுங்கள். கிண்ணத்தில் ஒரு நட்டுகூட மிச்சமில்லை, இன்ஜின் மேல் ஸ்பேனர் இல்லை என்று பார்த்துவிட்டு பேட்டரியை இணையுங்கள்.

கூலண்ட் எடுத்திருந்தால் அதே வகையை நிரப்புங்கள். கலக்க வேண்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டி.எம். தண்ணீரைச் சரிபாதி சேருங்கள். போர் தண்ணீர் வேண்டாம். பாத்ரூம் குழாயில் படியும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் டியூபுக்குள்ளும் படியும்.

சோதனை

ஸ்டார்ட் செய்ததும் பெரிய உறுமல் கேட்கலாம். பெட்டியில் இருந்த கிளட்ச்சில் ஆயில் பரவ சில நிமிடங்கள் பிடிக்கும். முள் நடுநிலைக்கு வரும்வரை ஐடிலில் விடுங்கள். சத்தம் அடங்க வேண்டும். பிறகு ஏசி போட்டு, 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம்.மில் 10, 15 நிமிடம் வைத்திருங்கள். முள் லேசாக ஏறத் தொடங்கும் கட்டத்தில் காற்றின் இரைச்சல் திடீரென்று கூடி, கொஞ்ச நேரத்தில் முள் நின்றுவிட்டாலோ இறங்கினாலோ கிளட்ச் பிடித்துவிட்டது. முள் முக்கால் பங்கைத் தாண்டியும் இரைச்சல் கூடவில்லை என்றால் ஏசியை அணைத்து, ஐடிலில் சற்று விட்டு, இன்ஜினை நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

உலோகம் உரசும் கிறீச் சத்தமோ, வேகம் கூடக் கூட அதிர்வோ வந்தால் உடனே நிறுத்துங்கள். அநேகமாக நடுமுனை முழுதாக உட்காராமல் கிளட்ச் சாய்ந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் 200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, ஆறிய இன்ஜினில் அந்த நான்கு நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துத் தொட்டுப் பாருங்கள். கூலண்ட் எடுத்த வண்டி என்றால் ஓவர்ஃப்ளோ டப்பாவின் அளவு இறங்கியிருக்கும். உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறியதால் அது. மேல்கோடு வரை நிரப்பி விடுங்கள்.